நடக்காத மோதலும் கன்னியம்மாளின் எருமைகளும்

நிகழ்ச்சிக்குள் நுழையுமுன் அன்றைய என் நிலையைத் தெளிவாக்கிவிடுகிறேன். பின்னாளில் இதைப் பரப்பியவர்கள் எல்லாரும் முதலில் சறுக்கிய இடம் அதுதான். நான் சென்னையில் ஒரு நல்ல கல்லூரியில் பௌதிகம் படித்து முதல் வகுப்பில் தேறியவன். உதவி நிலைய அதிபராகப் பொறுப்பேற்ற நாள்முதல் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அந்தப் பிற்பகல் வரும்வரை என் பணிப் பதிவில் ஒரு கீறல் கிடையாது. நிலைய அதிபர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தோரின் வரிசையில் என் பெயர் மேலே இருந்தது. வெயில் காலத்திலும் என் கோட்டுப் பொத்தான்கள் திறந்து கிடந்ததில்லை. என் மேசை இழுப்பறையில் சார்பியல் கொள்கையைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது உண்மை. அதைப் பணி நேரத்தில் படித்தேன் என்பது பொய். வண்டிக்கும் வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில் படித்தேன்.

மீஞ்சூருக்கு வடக்கே, ஒற்றைப் பாதையில் அமைந்த ஒரு சிறு நிலையம் அது. பெயர் வேண்டாம்.

இத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதற்குள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மற்ற இலாகாக்களில் நடந்ததற்குத்தான் விசாரணை. நம்மிடம் நடக்காததற்கும் விசாரணை உண்டு, சாட்சி உண்டு, தண்டனையும் உண்டு, பாராட்டும் உண்டு. அதற்குத் 'தவிர்க்கப்பட்ட மோதல்' என்று பெயர். யாரோ ஒருவர் விழிப்பாக இருந்திராவிட்டால் இரண்டு வண்டிகள் மோதியிருக்கும் என்று மேலிடம் முடிவு செய்தால், தவிர்த்தவருக்கு நற்சான்று கிடைக்கும். தவிர்க்கவேண்டிய நிலைமை யாரால் வந்ததோ அவருக்கு வேறொன்று கிடைக்கும். ஆக, 'மோதியிருக்கும்' என்பது நிலைநாட்டப்பட்டால் ஒருவர் உயர்வார், ஒருவர் தாழ்வார். 'மோதியிருக்காது' என்றால் இருவரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். இது தத்துவச் சிக்கல் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.

அன்று வடக்கேயிருந்து வந்த சரக்கு வண்டி ஒன்று மெயின் லைனில் நின்றிருந்தது. சென்னையிலிருந்து பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க இயலும். எனவே பாசஞ்சரைப் பக்கத்திலிருந்த லூப் லைனுக்குத் திருப்பவேண்டும். தெற்கு முனையில், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில், தண்டவாளத்தின் நாக்கை லூப் பக்கம் தள்ளிவிட்டு, ஆயிற்று என்று பச்சைக் கொடி காட்டுவது பாயிண்ட்ஸ்மேன் ஏழுமலையின் வேலை. கொடியைக் கண்டபின் கைகாட்டியை இறக்கி, வண்டி உள்ளே வரலாம் என்று டிரைவருக்குத் தெரிவிப்பது என் வேலை.

வண்டிகளின் ஓட்டத்தைத் தொலைவிலிருந்து மேற்பார்க்கும் கண்ட்ரோலில் இருந்தவர் தொலைபேசியை விடவில்லை. சரக்கு வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்ற ஒரே கேள்வியைப் பல உருவங்களில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு காதில் அவரை வைத்துக்கொண்டே சன்னல் வழியாகத் தெற்கே நோக்கினேன். பாயிண்டுக்கு அருகில் பச்சை அசைந்தது. கைகாட்டி இறக்கப்பட்டது.

அந்தப் பச்சை ஒரு கைலி.

அந்த வட்டாரத்துச் சவுக்குக் கட்டை முழுவதும் அப்போது எங்கள் நிலையத்திலிருந்துதான் சென்னையின் அடுப்புகளுக்குப் போயிற்று. பாயிண்டை ஒட்டியே கட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஏற்றும் ஆட்களில் யாரோ ஒருவர் தம் கைலியைத் துவைத்து அந்த அடுக்கின் உச்சியில் காயப்போட்டிருந்தார். அது கொடியின் அதே பச்சை என்பதை விசாரணையில் இரண்டையும் அருகருகே விரித்துக் காட்டினேன், அதிகாரியே ஒப்புக்கொண்டார். கைலிக்கு உரியவர் என்று கடைசிவரை யாரும் முன்வரவில்லை.

ஏழுமலை அந்நேரம் கொடி காட்டும் நிலையில் இல்லை. சவுக்குச் சில்லு ஒன்று பாயிண்டின் நாக்கில் சிக்கி, தண்டவாளம் திரும்ப மறுத்துவிட்டது. மண்டியிட்டு அதை நெம்பிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் கைகாட்டியின் கம்பி இழுபடும் ஓசை கேட்டு நிமிர்ந்தார். கைகாட்டி இறங்கியிருந்தது, பாதையோ இன்னும் சரக்கு வண்டியின் முகத்தை நோக்கியே திறந்திருந்தது. அவர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வண்டி வரும் திசையில் ஓடினார். அவர் ஓடுவதைக் கண்டதும் கைகாட்டி மீண்டும் ஏற்றப்பட்டது. அதற்குள் டிரைவர் அதைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய அச்சமும்.

தெற்கே ஒரு வளைவு. வளைவின் உட்பக்கம் அடர்ந்த சவுக்குத் தோப்பு. அந்தத் தோப்பைச் சுற்றிக்கொண்டு ஏழுமலை மூச்சிரைக்க மறுபுறம் போய்ச் சேர்ந்தபோது பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. நெடுநேரமாகவே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எஞ்சினிலிருந்து இறங்கி, கன்னியம்மாள் என்ற பெண்மணியுடன் வாக்குவாதத்தில் இருந்தார். அவளுடைய எருமைகள் தண்டவாளத்தின் குறுக்கே நின்று இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தன.

டிரைவர் தம் தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டியிருந்தது. எருமை என்று எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். சிவப்புக் கொடியுடன் ஓர் ஆள் ஓடிவந்ததையும் எழுதிவைத்தார். எருமைக்கு எதற்குச் சிவப்புக் கொடி என்று கண்ட்ரோல் கேட்டது. விசாரணை பிறந்தது.

அன்று மாலையே ஏழுமலை என் அறை வாசலில் வந்து நின்றார். அவருடைய மனைவியும் மக்களும் செவ்வாப்பேட்டையில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். அங்கே மாற்றல் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பங்கள் எங்கே போயின என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விபத்தைத் தவிர்த்தவர் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

"நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்ல வர்ல சார்," என்றார். "நான் காப்பாத்துனேன்னுதான் சொல்லிக்கினுகீறேன்."

இரண்டும் ஒரே கூற்றின் இரு முனைகள் என்று அவருக்கு விளக்கினேன். மோதல் நடக்க இருந்தது என்றால், நடக்கும்படி வைத்தது யார் என்ற கேள்வி வரும் என்றேன்.

"அது அவுங்க கேக்கறது சார். நான் கேக்கல."

போகத் திரும்பியவர், "எருமையாலதான் நின்னுச்சின்னு டிரைவர் சொல்றாரு. எனக்கு எப்டி சார் தெரியும்? தோப்புக்கு அந்தாண்ட எருமை நிக்குதா யானை நிக்குதான்னு எனக்கு இன்னா ஜோசியமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வாக்கியத்தை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயரைச் சொல்வது அவர் குடும்பத்தாருக்குப் பிடிக்காது. என் பணிக்காலத்தில் நான் ஆசான் என்று ஏற்றுக்கொண்ட ஒரே மனிதர். ஒல்லியானவர்; வயிற்றுப் புண்ணுக்காக எந்நேரமும் மோர் குடிப்பவர். கோபித்துக்கொள்ளமாட்டார், குவளையைக் கீழே வைப்பார். குவளை கீழே இறங்கினால் எதிரே நிற்பவர் கதை முடிந்தது என்று பொருள்.

நான் ஆயத்தமாகவே சென்றேன். கண்ட்ரோல் அறையில் மேசை நீளத்துக்கு ஒரு தாள் இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு கோடு. ஓடும் வண்டி சாய்ந்த கோடு; நிற்கும் வண்டி படுத்த கோடு. இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தன என்று அர்த்தம். அன்றைய தாளை வரவழைத்து அவர் முன் விரித்தேன்.

புதிய பௌதிகம் உலகத்தையே இப்படியொரு தாளாகத்தான் காண்கிறது என்று தொடங்கினேன். இடமும் காலமும் அதில் ஒரே பரப்பு. உலகம் முழுவதற்கும் பொதுவான 'இப்போது' என்ற கோடு அதில் எங்கும் வரையப்படவில்லை. அப்படி ஒரு கோடு இல்லாதபோது, இந்தப் பக்கம் நடந்து முடிந்தவை, அந்தப் பக்கம் நடக்கலாம் அல்லது நடக்காமலும் போகலாம் என்று ஊசலாடுபவை எனப் பிரிப்பதற்கு ஆதாரமில்லை. நேற்றும் நாளையும், பாதையின் இரு முனைகளான சென்னையும் கூடூரும் போல ஒரே தாளில் இருப்பவை. நாம் அதன்மேல் ஊர்ந்து செல்வதால் நாளை இன்னும் வரையப்படவில்லை என்று மயங்குகிறோம். அப்படியானால், இதோ பாசஞ்சரின் கோடு, இதோ சரக்கு வண்டியின் கோடு, இவை சந்திக்கவில்லை. 'சந்தித்திருக்கும்' என்பதற்கு இந்தத் தாளில் எங்கே இடம்? இல்லாத ஒன்றை எப்படித் தவிர்க்க முடியும்? தவிர்க்கப்படாத ஒன்றுக்கு எப்படி ஒருவர் காரணமாக முடியும்?

நன்றாகவே பேசினேன். வாசலில் எடுபிடிக்கு நின்ற கலாசிகூடத் தலையசைத்தான்.

அதிகாரி தாளின்மேல் குனிந்து, முன்கூட்டியே பென்சிலால் போட்டிருந்த மெல்லிய கோடுகளைத் தொட்டார். வண்டி இப்படி வரும் என்று எதிர்பார்த்துக் கண்ட்ரோலர் முதலில் பென்சிலில் போடுவார். வந்தபின் மையில் வரைவார். "இதெல்லாம் என்ன?" என்றார்.

அவை கண்ட்ரோலரின் எதிர்பார்ப்பு, பௌதிகம் அல்ல என்றேன்.

"அந்தப் பென்சிலுக்குத்தான் ஐயா நமக்குச் சம்பளம். மைக்கு யாரும் தேவையில்ல, அது தானே விழுந்துடும்."

நான் விடவில்லை. டிரைவர் எருமையைக் கண்டு பிரேக் போட்டது முதலா, ஏழுமலை கொடியுடன் ஓடத் தொடங்கியது முதலா என்பது அன்றைய முக்கியக் கேள்வி. விலகி நிகழும் இரு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்பது பார்ப்பவர் எவ்வளவு வேகத்தில் செல்கிறார் என்பதைப் பொறுத்து மாறலாம் என்று சார்பியல் கூறுவதை எடுத்துரைத்தேன். ஒளியோடு ஒப்பிடத்தக்க வேகங்களில்தான் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பதை நேர்மையாகச் சேர்த்தும் சொன்னேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். "மீஞ்சூர்லேந்து வர்ற பாசஞ்சர் ஒளி வேகத்துல வந்ததுன்னு நீர் எழுதிக் குடுத்தா, வேகக் கட்டுப்பாட்டை மீறினதுக்கு டிரைவர் மேல தனியா விசாரணை வைக்கணும். அந்த மனுஷனுக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. வேண்டாமே."

டிரைவர் கூடூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். தமக்கு எதிராக என்ன சொல்லப்பட்டது என்று புரியாமல் எழுந்து நின்று, "நைனா, நான் ஸ்பீடே போவுல," என்றார்.

எருமைகளைக் கண்டதும் விசில் ஊதினீரா என்று அவரைக் கேட்டார்கள். ஊதவில்லையாம். ஊதினால் எருமை மிரண்டு தண்டவாளத்திலேயே படுத்துவிடும். பிறகு அதை எழுப்ப எந்த விதிப் புத்தகத்திலும் வழி இல்லை என்றார். அதை யாரும் மறுக்கவில்லை.

அடுத்து கன்னியம்மாள். அவளுடைய எருமைகள் தண்டவாளத்தில் நின்ற குற்றத்துக்காகப் பட்டியில் அடைபட்டிருந்தன. அவற்றை மீட்பதைத் தவிர இந்த உலகில் எதிலும் அவளுக்கு அக்கறை இல்லை. யாரும் கேட்குமுன் தொடங்கிவிட்டாள்.

"தெனமும் அந்நேரத்துக்கு ஏரிக்கு ஓட்டிக்கினு போறதுதான் சார். அதுங்க தாண்டாத நாளே கெடையாது. அன்னிக்கி மட்டும் இன்னாத்துக்குப் புடிச்சி உள்ள போட்டீங்க?"

எனக்கு உள்ளம் துள்ளியது. எருமைகள் தாண்டாத நாளே இல்லையென்றால், எருமைகள் இல்லாத ஒரு பிற்பகலைக் கற்பனை செய்துகொண்டு அதில் வண்டிகளை மோதவிட யாருக்கும் உரிமை இல்லை. அந்த வண்டி எந்நாளும் அங்கே நின்றே தீரும். மோதல் ஒரு கணமும் இயலக்கூடியதாக இருந்ததில்லை. என் பதிவில் கீறல் விழாது.

அதிகாரி அவளிடம் மெதுவாக விளக்கினார்: தண்டவாளத்தில் மாட்டை விடுவது குற்றம், நாள்தோறும் விட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு குற்றம்.

கன்னியம்மாள் சற்று யோசித்தாள். "அன்னிக்கி ஒருநாள்தான் சார்," என்றாள். "அதுங்க அதுக்கு மின்ன ரயிலையே பாத்ததில்ல. வேடிக்க பாக்கத்தான் நின்னுதுங்க."

அதிகாரி மோரைக் குடித்து முடித்து, உணவு இடைவேளை என்றார்.

இளைஞர்களே, உங்கள் கவனத்தை நான் கோருவது இந்த இடைவேளைக்குத்தான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு உரிமை இருந்தது. அவள் முதலில் சொன்னதே உண்மை என்பது அந்த நிலையத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரே கேள்வியில் அதை நிலைநாட்டியிருப்பேன். அவள் எருமைகள் பட்டியிலேயே இருந்திருக்கும், ஏழுமலை ஓடிய ஓட்டம் உடற்பயிற்சியாக முடிந்திருக்கும், நான் நிலைய அதிபர் ஆகியிருப்பேன்.

நான் அவ்வாறு செய்யாததற்கு இரக்கம் காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இரக்கம் அல்ல. என் வாதம் தவறு என்று கண்டுகொண்டதுதான் காரணம். முதல் வகுப்பில் தேறிய ஒருவன் தவறான வாதத்தால் வெல்வது தோல்வியைவிட இழிவு.

மரத்தடியில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தபடி அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். நான் கற்ற கொள்கையில் பாதியைத்தான் அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். உலகம் ஒரே தாள் என்பது ஒரு பாதி. அந்தத் தாளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஓர் எல்லை விரிகிறது என்பது மறுபாதி. எந்தச் செய்தியும் ஒளியை முந்த முடியாது. ஆகவே ஓர் இடத்தில் ஒரு கணத்தில் நிற்பவனுக்கு எவை வந்து சேர்ந்திருக்க முடியும், அவன் செயல் எவற்றைச் சென்று தொட முடியும் என்பது அளவுக்குட்பட்டது. அந்த எல்லைக்கு வெளியே உள்ளது அவனைப் பொறுத்தவரை இன்னும் எப்படியும் இருக்கலாம். 'முடியும்' என்பதைப் புதிய பௌதிகம் ஒழித்துவிடவில்லை. அது உலகம் முழுவதற்கும் பொதுவாக வானத்தில் தொங்கும் சொல் அல்ல, ஒரு புள்ளியிலிருந்து அளக்கப்படுவது என்று மட்டுமே காட்டியிருக்கிறது. பொதுவான 'இப்போது' இல்லாததைப் போலவே, பொதுவான 'நடந்திருக்கும்' என்பதும் இல்லை. யாருக்கு, எங்கிருந்து, எந்தக் கணத்தில் என்று சேர்த்தே கேட்கவேண்டும்.

ஒளியின் எல்லை மிகப் பரந்தது. அந்த அளவில் நிலையமும் எருமையும் ஒட்டிக்கொண்டிருப்பவைதாம். ஆனால் ஒளி சவுக்குத் தோப்பை ஊடுருவுவதில்லை. எங்கள் நிலையத்தின் எல்லையைச் சவுக்குத் தோப்பு வரைந்திருந்தது. ஜோசியமா என்று ஏழுமலை கேட்டது அப்போதுதான் எனக்குக் கேள்வியாகவே காதில் விழுந்தது.

அவர் சற்றுத் தள்ளி, கைக்குட்டையில் கட்டிவந்ததைத் தின்றுகொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அழைக்கவில்லை. உதவி நிலைய அதிபர் விசாரணையின் நடுவே சாட்சியோடு பேசுவது முறையல்ல.

பிற்பகல் அமர்வில் கன்னியம்மாளிடம் எனக்குக் கேள்வி ஏதும் இல்லை என்றேன். காலையில் நான் கூறியதன் பிற்பகுதி விடுபட்டுவிட்டது, அதைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றேன். அதிகாரி, மறுபடி பௌதிகமா என்று கேட்டார். ஆம் என்றேன். கலாசி உள்ளே நகர்ந்து வந்து நின்றான்.

டிரைவர் எஞ்சினில் இருந்த இடத்திலிருந்து அளந்தால், எருமையைக் கண்டு பிரேக் போட்ட கணத்திலேயே மோதல் இயலாததாகிவிட்டது. ஏழுமலை பாயிண்டில் நின்ற இடத்திலிருந்து அளந்தால், அந்தச் செய்தி அவரை எட்டவே இல்லை. எட்ட வழியும் இல்லை. எட்டியது இறங்கிய கைகாட்டியும் திரும்பாத பாயிண்டும் மட்டுமே. அந்த இடத்தில், அந்தக் கணத்தில், மோதல் முழுக்க முழுக்க நடக்கக்கூடியதுதான். அவர் அதை நோக்கித்தான் ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அது அங்கே இல்லாதது அவர் ஓட்டத்தைக் குறைப்பதாகாது. எருமைகள் நாள்தோறும் தாண்டுகின்றனவா, அன்று மட்டும் தாண்டினவா என்பதும் இங்கே எழவில்லை. இரண்டுமே தோப்புக்கு அப்பால் இருப்பவை.

அதிகாரி தாளிலிருந்த பென்சில் கோடுகளை விரலால் மறுபடி தொட்டுப் பார்த்தார். குவளையைத் தொடவில்லை.

"சரி," என்றார். "அதே கணத்துல, உம்ம மேசையிலேந்து அளந்தா?"

அவர் அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தயிர்சாதத்தைத் திறந்துவைத்தும் உண்ணாமல் இருந்ததற்குக் காரணமே அதுதான். என் மேசையிலிருந்து தெரிந்தது ஒரு பச்சை. அது யாருடைய கையில் இருக்கிறது என்று என் மேசை சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. தொலைபேசி காதில் இருந்தது என்பது பௌதிகத்தில் வராது.

"அங்கிருந்தும் அதே அளவுதான் சார், மோதல் நடக்கக்கூடியதுதான்," என்றேன்.

ஏழுமலை தலையைத் திருப்பி முதல்முறையாக என்னைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார், எழுதியபின் மோரைக் கையில் எடுத்தார். தப்பை ஒப்புக்கொண்டவர் முன்னால் குவளை மேலே போனதை அன்றுதான் பார்த்தேன் என்று கலாசி பிற்பாடு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

முடிவு வர நாளாயிற்று. ஏழுமலைக்கு நற்சான்றும் செவ்வாப்பேட்டை மாற்றலும் கிடைத்தன. புறப்படும் நாளில், "நீங்க அன்னிக்கி சொன்னது ஒண்ணும் புரியல சார். ஆனா பேஜார் இல்லாம முடிஞ்சிச்சி," என்று சொல்லிக் கும்பிட்டார். என்னைப் பொறுத்தவரை பேஜார் இல்லாமல் முடியவில்லை. அந்த முறை பதவி உயர்வுப் பட்டியல் என் பெயரில்லாமல் வந்தது. அடுத்த பட்டியலில் பெயர் வந்தது. கன்னியம்மாளின் எருமைகள் விடுவிக்கப்பட்டு மறுநாளே வழக்கமான நேரத்தில் தண்டவாளத்தைத் தாண்டின. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்கும்படி டிரைவர்களுக்கு ஓர் உத்தரவு வந்தது, காரணம் குறிப்பிடப்படவில்லை. சவுக்கு அடுக்கின்மேல் துணி உலர்த்தலாகாது என்றும் ஓர் உத்தரவு வந்தது. அதற்கும் காரணம் குறிப்பிடப்படவில்லை.

உங்களிடமும் ஒருநாள் யாராவது, இப்படிச் செய்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். எங்கிருந்து பார்த்து என்று கேளுங்கள். அதன்பின் உங்கள் மேசையிலிருந்தும் அளந்து பாருங்கள். அந்த அளவை யாரும் கேட்காவிட்டாலும் வைத்துக்கொண்டிருங்கள்.

இனி, பரவியிருக்கும் சில பிழைகளைத் திருத்திவிடுகிறேன். சார்பியல் கொள்கை என்னைக் காப்பாற்றியது என்பது தவறு. பதவி உயர்வைத் தள்ளிப்போட்டது அதுதான். நான் 'எச்சரிக்கப்பட்டேன்' என்பதும் தவறு. என் பதிவில் 'அறிவுறுத்தப்பட்டார்' என்றே உள்ளது. அவ்வாண்டு ஆயுத பூஜையன்று பாசஞ்சரை வளைவில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கட்டியிருந்த சாமந்தி மாலையைக் கழற்றி நான் எருமைக்குப் போட்டேன் என்பது முழுப் பொய். மாலை போட்டவர் டிரைவர். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.